தண்ணிக்குக் கீழ ஒரு டவுன்: ஹட்டன் பக்கம் நடக்கப் போறவங்களுக்கு

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் ஆன காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் ராத்திரிச் செய்தியை பட்டரி ரேடியோவில்தான் கேட்போம். டீசல் இல்லை, நிலக்கரி இல்லை என்று சொல்லி முடித்துவிட்டு நீர்த்தேக்கங்களின் நீர்மட்டத்தை வாசிப்பார்கள். காசல்ரீ இத்தனை வீதம், மவுசாக்கலை இத்தனை வீதம். எனக்கு அது வெறும் நம்பர்தான். அம்மாயிக்கு அப்படி இல்லை. ஒரு நாள் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்தபடியே சொன்னார்:

"மவுசாக்கலையில தண்ணி வத்திருச்சுன்னா எங்க டவுனு தெரியும் புள்ள."

"எந்த டவுன் அம்மாயி?"

"பழைய மஸ்கெலியா. தீபாவளிக்கு சட்டைத்துணி எடுத்த கடையெல்லாம் அங்கதான் கெடக்கு."

ஆர்ட்ஸ் ஃபெக்கல்டியில் வரலாறு படிக்கிற எனக்கு இது தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. போன டிசம்பரில் நாங்கள் மூன்று பேர் கோச்சியில் ஹட்டன் போய், டிக்கோயா, காசல்ரீ கரை, நோர்வூட், மஸ்கெலியா என்று ரெண்டு நாள் நடந்தோம். பிறகு ஹோர்ட்டன் சமவெளிக்கும் போனோம். இது ட்ரிப் கட்டுரை இல்லை. எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்றெல்லாம் வேற ஆட்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நாங்கள் நடந்த பாதைகள் யாருடையவை, அந்தத் தண்ணி எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

மேல இருக்கிற புல்வெளி

தண்ணி மேலே இருந்துதானே வருது, அங்கேயே தொடங்குவோம்.

ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காடு, காட்டுக்கு நடுவில் பெரிய புல்வெளி, அதற்கு மேல் எந்நேரமும் மூடுபனி. இந்த மாதிரி மலைப் புல்வெளியை சிங்களத்தில் 'பத்தன' என்பார்கள். தலவாக்கலைக்குப் பக்கத்தில் பத்தனை என்று ஓர் ஊரே இருக்கிறது. ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போன அக்கா, அண்ணாமாருக்கு அந்தப் பெயர் நல்லாத் தெரியும்.

1834இல் ஃபிஷர், வாட்சன் என்ற ரெண்டு ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் இந்தச் சமவெளியைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுவது வழக்கம். அப்போது கவர்னராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆனால் அதற்கு முதலே 'மகா எலிய' என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்தால் அந்த இடத்தைத் தெரிந்த சனமும் இருந்திருக்கும்தானே. பிறகு சாமுவேல் பேக்கர் போன்ற வேட்டைக்காரர்கள் வந்தார்கள். இன்றைக்கு நாம் செல்ஃபி எடுக்கிற பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி அவருடைய பெயரில்தான் இருக்கிறது.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டுநிலத்திலிருந்து தண்ணி போகிறது. கோப்பித் தோட்டக்காரர்கள் மலைக்காட்டை வெட்டிக்கொண்டே மேலே ஏறி வந்த காலத்தில், 1873இல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே இருக்கிற காட்டில் கை வைக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். சமவெளி தப்பியதற்கு அது ஒரு முக்கிய காரணம். 1969இல் அது சரணாலயமானது, 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

நல்ல விஷயம்தான். ஆனால் 1873இலேயே அந்த மலைக்காட்டுக்காக ஒருவர் கதைத்திருக்கிறார், அரசாங்கமும் காது கொடுத்திருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருந்த டவுனுக்காக யார் கதைத்தது என்று பிறகு கேட்க வேண்டியிருக்கிறது.

பாதை போட்ட கால்கள்

5,000 அடிக்குக் கீழே காடு போய் கோப்பி வந்தது. டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் தோட்டங்கள் பெருகியது 1860களிலும் 70களிலும். கோப்பியை 1869இலிருந்து இலைத்துரு நோய் தின்னத் தொடங்க, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்டிருந்த தேயிலை மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது.

காட்டை வெட்டியவர்கள் எப்படி வந்தார்கள் என்பது இப்போது கொஞ்சம் பேருக்காவது தெரியும். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காய்ச்சல், கொலரா, பசி என்று வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் போனார்கள். ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி முடிந்தது. எங்கள் பேட்ச்சில் சிலரும் ரெண்டு மூன்று நாள் சேர்ந்து நடந்தார்கள். கால் கொப்பளித்த படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது ஞாபகம் இருக்கிறது.

ஆனால் மாத்தளையோடு நடை முடியவில்லை. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். அதற்கு முதல் டிக்கோயாவுக்கோ மஸ்கெலியாவுக்கோ போக வேண்டியவர்கள் மாத்தளைக்குப் பிறகும் மலை ஏறித்தான் ஆக வேண்டும். காசல்ரீக் கரையில் எல்லாரும் படம் எடுக்கிற வோர்லி தேவாலயம் 1878இல் கட்டியது. ரயில் வருவதற்கு ஆறு வருடம் முதலே அந்தக் கல்லும் மரமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. யாருடைய தோளில் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நடக்கும்போது ஒன்று கவனித்தோம். தோட்டத்தில் ரெண்டு விதமான பாதை இருக்கிறது. ஒன்று மலையைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறுவது. அது துரையின் குதிரைக்கும் பிறகு லொறிக்கும். இன்னொன்று தேயிலைக்கு நடுவில் நேராக ஏறுகிற குறுக்கு. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கிற இடத்துக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பாதை. கூகுள் மேப்பில் முதலாவதுதான் இருக்கிறது. நாங்கள் மேப்பைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போக, ஒரு பாட்டி குறுக்கால் ஏறி எங்களுக்கு முதலே மேலே போய் நின்று சிரித்தார்.

பெயரும் அப்படித்தான். தோட்டங்களுக்குக் காசல்ரீ, டன்கெல்ட், ஸ்ட்ரெத்ஸ்பே என்று துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். சனத்துக்கு அது மேக்கணக்கு, கீழ்க்கணக்கு, அஞ்சாம் நம்பர் மலை. முதல் வகைப் பெயர் அரசாங்க வரைபடத்தில் ஏறியது. ரெண்டாவது வகை வாயில் மட்டும் இருக்கிறது. சிவனொளிபாதமலைக்கு ஏறத் தொடங்குகிற நல்லதண்ணி மாதிரி, எழுத்திலும் நிலைத்த தமிழ்ப் பெயர்கள் கொஞ்சம்தான்.

ஒரே தண்ணி, மூன்று தடவை கரண்ட்

இந்தப் பக்கத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே விரிவாகச் சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. காலனி அரசாங்கம் இழுத்தடித்தது. கடைசியில் 1950இல் லக்ஷபான மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியது.

பிறகு வந்தவைதான் நாம் பார்க்கிற ரெண்டு பெரிய நீர்த்தேக்கமும். பொகவந்தலாவையிலிருந்து வருகிற கெசல்கமுவ ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1960களின் கடைசியில் மவுசாக்கலை. 1969இல் பொல்பிட்டிய மின்நிலையம், 1974இல் புதிய லக்ஷபான, 1983இல் கென்யன்.

இதை ஒரு படிக்கட்டு மாதிரி நினைத்துப் பாருங்கள். காசல்ரீத் தண்ணி முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகும், பிறகு பழைய லக்ஷபான, பிறகு பொல்பிட்டிய. மவுசாக்கலைத் தண்ணி கென்யன், புதிய லக்ஷபான, பிறகு அதே பொல்பிட்டிய. ஒரே தண்ணி குறைஞ்சது மூன்று தடவை சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் கீழே வருகிறது. ரெண்டு ஓயாவும் கித்துல்கல பக்கம் சேர்ந்தால் அது களனி கங்கை. அம்பத்தலையில் களனித் தண்ணியைச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். மிச்சம் முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வெள்ளவத்தை ஃப்ளாட்டில் ஃபேன் சுத்துறதும் பைப்பில தண்ணி வாறதும் இந்தப் பக்கத்து மழையால்தான்.

மவுசாக்கலையில் ஏறக்குறைய 123 மில்லியன் கனமீட்டர் தண்ணி கொள்ளும். அவ்வளவு தண்ணிக்கு இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் மஸ்கெலியா டவுன் இருந்தது. ஒரு கோவில், ஒரு விகாரை, ஒரு பள்ளிவாசல், கடைத்தெரு. இப்போது நாம் பஸ்ஸில் இறங்குகிற மஸ்கெலியா, அதற்குப் பிறகு மேட்டில் கட்டிய புது டவுன்.

யாரைக் கேட்டார்கள்?

அணையின் வருடங்களையும் வாக்குரிமையின் வருடங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அதுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதில் ஒன்று மஸ்கெலியா. அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள், வாக்கும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ரெண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த 150,000 பேரையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மலையகத் தமிழர் ஒருவர் வாக்கில் ஜெயித்துப் பாராளுமன்றத்துக்குப் போனது திரும்ப 1977இல்தான். நியமன உறுப்பினர்கள் இடையில் இருந்தார்கள், ஆனால் நியமிக்கிறவர்களுக்கும் வாக்களிக்கிறவர்களுக்கும் பதில் சொல்வது ஒன்றில்லை.

இப்போது மற்றப் பக்கத்தைப் பாருங்கள். காசல்ரீ 1965. மவுசாக்கலை 1960களின் கடைசி. புதிய லக்ஷபான 1974. எல்லாமே 1952க்கும் 1977க்கும் நடுவில்தான்.

வேண்டுமென்றே அந்தக் காலத்தைத் தெரிந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அணை கட்டியிருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அந்தக் கரண்டில்தான் இதை டைப் பண்ணுறேன். டவுனில் கடை வைத்திருந்த சிங்களவர்களும் முஸ்லிம்களும்கூட இடம்பெயர்ந்தார்கள். ஆனால் தோட்டத்து ஆட்களின் நிலைமை வேறு. லயக் காம்பரா கம்பனியுடையது. காணி கம்பனியுடையது. இழப்பீட்டுக் கணக்கில் வாறதுக்கு முதலில் பெயரில் ஏதாவது இருக்க வேணும். எதுவும் இல்லை. எம்.பி.யிடம் போய்ச் சண்டை பிடிக்க வாக்கும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டு உதாரணம். மகாவலித் திட்டத்தில் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனியா டவுன் மூழ்கியது. அங்கேயும் சனம் அழுதது, இழந்தது. ஆனால் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் காணி கொடுக்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. ரெண்டாவது, தலவாக்கலையில் 2012இல் திறந்த மேல் கொத்மலை. அதற்கு முதல் வருடக்கணக்கில் எதிர்ப்பு, பேச்சுவார்த்தை, சென்கிளேயர் நீர்வீழ்ச்சியில் தண்ணி விடணும் என்ற வாதம் எல்லாம் நடந்தது. வீடு இழந்த குடும்பங்களுக்குப் புது வீடும் கட்டிக் கொடுத்தார்கள். அது போதுமா இல்லையா என்பது வேற கதை. கேட்க ஆள் இருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

அம்மாயிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். தண்ணி ஏறியதை அவர் ஒரு பெரிய நிகழ்ச்சியாகச் சொல்வதே இல்லை. "அப்ப எல்லாரும் பாஸ்போட்டு, கப்பலுன்னுதான் கதைச்சிக்கிட்டு இருந்தோம். டவுன யாரு பார்த்தா?" என்பார். அவருடைய அண்ணன் குடும்பம் தலைமன்னாருக்குப் போகிற கோச்சியில் ஏறியது. அந்தக் கோச்சிக்குச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் திரும்பவும் கொழுந்து எடுத்தார்கள். அம்மாயி கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தார். ஊர் தண்ணிக்குள் போனது, அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம் போனது, அவர் கொழும்புக்கு வந்தது, எல்லாம் சில வருடத்துக்குள். எதற்கு முதலில் அழுவது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லணும். அந்தத் தண்ணியில் எடுத்த கரண்ட், கரையிலேயே இருந்த பல லயங்களுக்குப் போகவே இல்லை. கம்பி தலைக்கு மேலால் கொழும்புக்குப் போனது. கீழே பல வருடம் குப்பி லாம்புதான்.

டிசம்பரில் ஒன்றும் தெரியவில்லை

நாங்கள் போனபோது மவுசாக்கலை நிறைந்து இருந்தது. கோவிலும் இல்லை, விகாரையும் இல்லை, பச்சைத் தண்ணி மட்டும். கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் கேட்டோம். அரிவாளாலேயே காட்டினார். "அந்தா, அந்த மரத்துக்கு நேரா கோயிலு. இந்தப் பக்கம் கடவீதி. வெயில் காலத்துல வாங்க தம்பி, நடந்தே போயிட்டு வரலாம்."

மழை பெய்யாமல் நீர்மட்டம் இறங்குகிற வருடங்களில் பழைய கட்டடங்கள் வெளியே வரும். சனம் போய்ப் பார்க்கும், விளக்கு வைக்கும், பேப்பரில் படம் வரும். கொழும்பில் கரண்ட் கட் ஆகிற அதே காலம்தான் அது. அம்மாயி ரேடியோவில் நீர்மட்டத்தை ஏன் அவ்வளவு கவனமாகக் கேட்டார் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது அந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ நடைபாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள்தான். ரோட்டோரம் தேத்தண்ணிக் கடை வைத்தவருக்கும் அறை வாடகைக்கு விடுகிறவருக்கும் ஒரு வருமானம் வந்தால் சந்தோஷம். நானும் அந்தப் பாதையில் நடந்தவள்தான். ஆனால் இதைப் பற்றி நான் வாசித்த பதிவுகளில் பெரும்பாலும் ஸ்கொட்லாந்துத் துரைமார் கதைதான். பாதையை வெட்டியவர்கள் 'டீ பிளக்கர்ஸ்' என்று படத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

அதனால் போகிறவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி. தமிழ் தெரிந்தும் வாயைத் திறக்காமல் நடந்துவிட்டு வந்தால் எப்படி? ஒரு குறுக்குக்கு அங்கே என்ன பெயர், அந்த மலைக்கு என்ன நம்பர், பழைய டவுனில் யாருடைய கடை எங்கே இருந்தது என்று கேளுங்கள். எழுதி வையுங்கள், தேதி போட்டு ஃபோனில் பதிந்து வையுங்கள். பழைய மஸ்கெலியாவில் நடந்து திரிந்தவர்களுக்கு இப்போது குறைந்தது அறுபது வயது. இன்னும் பதினைந்து வருடம் போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

மஸ்கெலியா வரைக்கும் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ வீடுகளில், கடைகளில் அந்தப் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். நான் அம்மாயியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துப் பழைய கடைத்தெருவை வரையச் சொன்னேன். "எனக்கு எங்க வரையத் தெரியும்" என்று முதலில் மறுத்தார். பிறகு ரெண்டு கோடு போட்டு ரோட்டு என்றார். கோவில், துணிக்கடை, பஸ் நிற்கிற இடம் என்று இதுவரை பதினொரு இடம் வந்திருக்கிறது. பன்னிரண்டாவது பேக்கரியா சலூனா என்று அவருக்குச் சந்தேகம். பழைய மஸ்கெலியாவைத் தெரிந்த ஆள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.